நத்தை டீச்சரின் கறை நோட்டு

அவர் சாப்பிடும்போது நான் எதிரில் உட்கார மாட்டேன். சாதி, மதம் என்று வேறு எதையும் நினைத்துவிட வேண்டாம், அவருடைய கைதான் காரணம். அந்தக் கை ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். நத்தையின் ஓட்டை இடுக்கியால் நொறுக்கி, உள்ளே இருந்த பழுப்புச் சதையை ஊசியால் பிரித்து, அதற்குள் நெளிந்த புழுக்குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு குழாயைத் திறந்து விரல் நுனியை நனைத்துக்கொண்டு, சேலை முந்தானையில் துடைத்துவிட்டு, நேராகப் புளியோதரைக்குள் போனது. சோப்பு இருக்கிறது என்று நான் எடுத்துக் கொடுப்பேன். "தண்ணி போதும்ண்ணே, நத்தை தானே" என்பார்.

நான் மதுரையில் ஒரு மிஷன் கல்லூரியின் விலங்கியல் துறையில் லேப் அசிஸ்டென்ட். இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆகிவிடுவேன். அப்பா அதே துறையில் அட்டெண்டராக இருந்து வேலையிலேயே இறந்துபோனார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னபோது லைப்ரரி கேட்டேன். அங்கே இடமில்லை என்று பாம்பும் தவளையும் ஜாடியில் மிதக்கிற இந்த அறைக்கு அனுப்பினார்கள். முப்பது வருஷமாகக் கைக்குட்டையில் தைலம் தடவி மூக்கில் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன். என்னைப் பார்த்து முதலாமாண்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர்கள் சிரிப்பது நியாயம்தான்.

அந்த அறைக்குத்தான் அவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். மேலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர், இங்கே பகுதி நேர ஆராய்ச்சி. தோளில் ஒரு ஒயர் கூடை, கூடைக்குள் ஈரத்துணி போட்டு மூடிய பிளாஸ்டிக் டப்பா, டப்பா நிறைய நத்தை. துறையில் எல்லோருக்கும் அவர் நத்தை டீச்சர். காதில் விழுந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருதரம் மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் திரும்பிய வேகத்தில் டப்பா கவிழ்ந்து, நத்தைகள் பூக்காரம்மாக்களின் கூடைகளுக்கு நடுவே உருண்டு ஓடியிருக்கின்றன. ஒரு அம்மாவின் மல்லிகைக் கூடைக்குள்ளேயே இரண்டு போய்விட்டன. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, முட்டி போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார். லேபுக்கு வந்ததும் முதல் வேலையாக எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. அன்று முழுக்க அந்த ஒன்றைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கோ எந்தச் சாமி கழுத்தில் அது ஊர்ந்துகொண்டிருக்கிறதோ என்று நினைக்க நினைக்கக் குமட்டியது.

அவர் ஆராய்ச்சியை நான் விரும்பித் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் வாரா வாரம் கேட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். ஆட்டின் ஈரலுக்குள் இலை மாதிரி தட்டையாக ஒரு புழு குடியிருக்கும். அதன் முட்டை புழுக்கையோடு வெளியே வந்து கண்மாய்த் தண்ணீரில் சேரும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சு முதலில் ஒரு நத்தையைத் தேடிப்பிடித்து உள்ளே புகுந்துகொள்ளும். அங்கே ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, ஒருநாள் கூட்டமாக நீந்தி வெளியே வந்து கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை ஆடு மேயும். இரண்டு மூன்று மாதத்தில் ஆட்டின் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கித் தொங்கும். பிறகு சாகும். இதை அவர் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே விளக்குவார்.

நத்தையைக் கொன்றால் வேலை முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எருக்கம்பால், கள்ளிப்பால் எல்லாம் அவரும் ஊற்றிப் பார்த்தார். நத்தை செத்தது, கூடவே பக்கத்துத் தொட்டியில் விட்ட மீன்குஞ்சும் செத்தது. அது ஆகாது என்று விட்டுவிட்டார். அவர் ஊர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா உண்டு. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், அதுவரை காத்திருக்கிற சனம் மொத்தமும் வலையும் மூங்கிலில் முடைந்த ஊத்தாக் கூடையுமாகத் தண்ணீரில் பாயும். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த மழை பெய்யும். அந்த மீனுக்கு ஒன்று ஆகிவிட்டால் தன்னை ஊருக்குள் விடமாட்டார்கள் என்றார். ஆகவே நத்தையும் சாகாமல், மீனும் சாகாமல், நத்தை வயிற்றுக்குள் இருக்கிற குஞ்சு மட்டும் சாக வேண்டும். அதற்குப் பூண்டு, பெருங்காயம், ஓமம் என்று அடுப்படிச் சாமானாக எடுத்துக்கொண்டார்.

அரிசிக் கஞ்சி காய்ச்சி, இதையெல்லாம் அரைத்துக் கலந்து, துறை மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடகம் மாதிரி கிள்ளி வைத்தார். நத்தைகள் கஞ்சி வாசத்துக்கு வந்து தின்னுமாம். வாசம் மாடிப்படி இறங்கி வந்தது. நியாயமாகச் சொன்னால் அந்த லேபில் முப்பது வருஷத்தில் நான் முகர்ந்த ஒரே நல்ல வாசம் அதுதான். வாட்ச்மேன் என்ன நினைத்தாரோ, ஒரு கை அள்ளிக்கொண்டு போய் எண்ணெயில் பொரித்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் வாட்ச்மேனுக்கு முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் கோபப்படவேயில்லை. ஓமமும் பூண்டும்தான், வயிற்றுக்கு நல்லது என்று தேற்றினார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் வெளிக்குப் போனால் புழு ஏதாவது வந்ததா என்று பார்த்துச் சொல்லும்படி, முடிந்தால் ஒரு டப்பாவில் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டார். வாட்ச்மேன் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து கறிக்கடைக்குப் போனால் அங்கேயும் அவர் இருப்பார். விடுமுறை நாட்களில் மதுரையில் அக்கா வீட்டில் தங்குவார், அந்த வீடு எங்கள் பக்கம்தான். கடைக்காரப் பாய் தொங்கவிட்டிருக்கிற ஈரல்களைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். எங்காவது ஒரு குழாய் கெட்டியாகத் தட்டுப்பட்டால் நிறுத்திப் பிதுக்குவார். பச்சைப் பித்தத்தோடு வழவழவென்று இலை இலையாக வெளியே வரும். அதை உள்ளங்கையில் ஏந்தி, வரிசையில் நிற்கிற எனக்குக் காட்டுவார். பாய் பொறுமைசாலி. "டீச்சரம்மா, வெள்ளன வந்து பாத்துட்டுப் போயிருங்கம்மா. கூட்டம் வந்தப்புறம் பிதுக்காதீங்க, யாவாரம் கெட்டுப்போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்று டீச்சர் வரிசையில் நின்ற எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். அன்றோடு எங்கள் வீட்டில் ஈரல் வறுவல் நின்றது.

அவர் நோட்டையும் சொல்ல வேண்டும். நீள நோட்டு, எண்ணிக்கை எல்லாம் அதில்தான் எழுதுவார். ஒவ்வொரு பக்கத்திலும் நத்தைச் சளி காய்ந்து பளபளக்கும். பெருவிரல் ரேகை பழுப்பாகப் பதிந்திருக்கும். மஞ்சள் எண்ணெய்க் கறை புளியோதரையுடையது என்று நம்ப விரும்புகிறேன். மேசையைத் துடைக்கும்போது அதை நான் இரண்டு விரலால் தூக்கி நகர்த்துவேன். அட்டை போட்டுத் தரட்டுமா என்று கேட்டபோது, "உள்ள இருக்குறது சரியா இருந்தாப் போதும்ண்ணே" என்றார்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் நான் அவரை வெறுத்ததாகத் தோன்றும். எங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் சரியாக இருக்கும். அம்மா படுக்கையில் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். மூன்று நாளாக நான்தான். கஞ்சி ஊட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், புரட்டிப் படுக்க வைக்கவில்லை. முதுகுப் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. தைலக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன். பெற்ற தாயின் முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதைச் சொல்லவே கூசுகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் லேப் சாவி வாங்க வந்தார். வாசலில் நின்று மூக்கை ஒரு தரம் இழுத்தார்.

"உள்ள யாருண்ணே படுத்திருக்கா?" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார். அம்மாவைப் பூப்போல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வெந்நீரும் வேப்பிலையும் கேட்டார், பிறகு இடுக்கி கேட்டார். எதற்கு என்று கேட்காமலேயே எனக்குப் புரிந்துவிட்டது, புண்ணில் புழு. இடுக்கியை வாசற்படியிலேயே வைத்துவிட்டு நின்றேன். "புண்ணு தானேண்ணே. நீங்க அடுப்பைப் பாருங்க" என்றார். ஒரு மணி நேரம் உள்ளே அம்மாவோடு பேசிக்கொண்டே வேலை செய்தார். அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு நாலு ஞாயிறு கறிக்கடையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நாலு ஞாயிறும் வாசலில் நானே சோப்போடு நின்றேன், அம்மாவுக்காக மட்டும் அதை வாங்கித் தேய்த்துக்கொண்டார். என் மனைவி திரும்பி வந்தபோது புண் ஆறத் தொடங்கியிருந்தது. சாகிற வாரம் வரைக்கும் அம்மா, அந்தப் பிள்ளை வரலையா என்றுதான் கேட்டார்.

அதனால்தான் அவர் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. மறு வருஷம் பங்குனி. வடகத்தில் மருந்து கூடினால் மீன் தத்தளித்தது, குறைத்தால் மீன் நன்றாக இருந்தது. குறைந்த அளவுக்கு நத்தைக்குள் இருக்கிற குஞ்சு சாகிறதா என்பது ஒன்றுதான் பாக்கி. தொட்டியில் வடகத்தைப் போட்டு ஆரம்பித்த அன்றைக்குத்தான் பொதுத் தேர்வு டூட்டி போட்டுவிட்டார்கள், ஐந்து நாள் வர முடியாது.

"ஒரு நாளைக்குப் பத்து நத்தைண்ணே. உடைச்சு, உள்ள இருக்குறது அசையுதா இல்லையான்னு எண்ணி எழுதுனாப் போதும். நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி" என்றார்.

சரி என்று தலையாட்டினேன்.

முதல் நாள் பத்தையும் உடைத்தேன். முறுக்கைக் கடிக்கிற சத்தம்தான் வந்தது, அதுதான் கொடுமை. மூன்றாவது நத்தையில் பழுப்பு நீர் தெறித்துக் கண்ணாடியில் விழுந்தது, ஒரு சொட்டு நோட்டிலும். லென்ஸ் வழியாகப் பார்த்தால் வாலாட்டிக்கொண்டு நூறு நூறாக நெளிந்தன. எண்ணி எழுதினேன். எழுதி முடித்ததும் வாஷ்பேசினில் காலைப் பலகாரம் முழுவதும் வந்துவிட்டது. இரண்டாம் நாள் இடுக்கியைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, முந்தைய நாள் எண்ணிக்கையிலிருந்து கொஞ்சம் குறைத்து எழுதினேன். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். ஐந்தாம் நாள் அநேகமாக எல்லாம் செத்துவிட்டதாக எழுதினேன். நத்தைகளை அப்படியே சுண்ணாம்புக் குழியில் கொட்டினேன். அவர் சந்தோஷப்படட்டும் என்றுதான் அப்படி எழுதினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அருவருப்பு, அவ்வளவுதான்.

அவர் நோட்டைப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார். கைடு பேராசிரியர் அனுபவஸ்தர், இன்னொரு தரம் செய்து பார்த்துவிடலாமே என்றார்.

"அண்ணன் எண்ணியிருக்காரு சார். கண்மாய் வத்திக்கிட்டிருக்கு, விட்டா அடுத்த வருஷந்தான்" என்றார் டீச்சர்.

நான் பக்கத்தில் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடியும் துடைத்தேன்.

செல்லம்மா என்று ஒருவரைப் பற்றி டீச்சர் அடிக்கடி பேசுவார். டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு, புருஷன் இல்லை, ஏழு ஆடுகள்தான் பிழைப்பு. கண்மாய்க் கரையில் ஆட்டை விடவே கூடாது என்று டீச்சர் இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். அந்த அம்மாவும் கேட்டு, வெயிலில் தொரட்டியோடு அலைந்து மரக்கிளை ஒடித்துப் போட்டுத்தான் வளர்த்தார். இப்போது டீச்சர் கரை நெடுகக் குறைந்த அளவு வடகத்தைத் தூவிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து, இனிமேல் தைரியமாகக் கரையில் மேய விடுங்கள் என்று சொல்லிவிட்டார். கோடையில் கரையில்தான் பச்சை இருக்கும். ஏழு ஆடும் அங்கேயே கிடந்தன.

மீன்பிடித் திருவிழா அன்று போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல். ஒரு மீன்கூடச் சாகவில்லை என்றும், தானும் சேற்றில் இறங்கி ஊத்தா போட்டதாகவும் சொன்னார். சாயங்காலம் தெரிந்த பையனிடம் எனக்கு ஒரு விரால் கொடுத்துவிட்டார். குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தார். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புளி வாசம் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தால், உள்ளே கறுத்துப்போன ஒரு ஈரல் இருந்தது. அவர் பிதுக்கவில்லை, பிதுக்காமலே தெரிந்தது.

"செல்லம்மா ஆடுண்ணே. இதோட அஞ்சு போயிருச்சு" என்றார்.

அதற்கப்புறம் நடந்தவற்றில் கடைசியை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை தப்பாகிவிட்டது என்று கைடிடம் அவரே போய்ச் சொன்னார். யார் எண்ணியது என்று சொல்லவில்லை. செல்லம்மா வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். மீதி இரண்டு ஆடும் தேறவில்லை, அந்த அம்மா இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். டீச்சர் வேறு ஒரு கல்லூரிக்கு ஆராய்ச்சியை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கே முதலிலிருந்து ஆரம்பித்தார் என்று கேள்வி. கறிக்கடையிலும் பார்க்க முடிவதில்லை. பாய் என்னிடம் இரண்டு தரம் விசாரித்தார்.

ஆனால் போவதற்கு முன்னால் பள்ளிக்கு லீவு போட்டு மூன்று வாரம் லேபுக்கு வந்தார். முதலில் தன் தப்பைத் தேடினார். பெருங்காயம் கலப்படமா, ஓமம் பழசா, கண்மாய்த் தண்ணீரில் ஏதும் வித்தியாசமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அதே குறைந்த அளவை வைத்துத் தானே ஐந்து நாள் நத்தையை உடைத்து எண்ணினார். ஐந்தாம் நாளும் குஞ்சுகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. நான் மேசை துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் பழைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் திருப்புவார், விரலால் தடவிப் பார்ப்பார், அடுத்த பக்கம் திருப்புவார். பிறகு என்னைக் கூப்பிட்டு நோட்டை என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, இந்த நாலு பக்கம் மட்டும் சுத்தமா இருக்கு" என்றார்.

பார்த்தேன். முதல் நாள் பக்கத்தில் அந்தப் பழுப்புச் சொட்டு காய்ந்துபோய் இருந்தது. அடுத்த நாலு பக்கங்கள் கடையில் வாங்கின மாதிரி வெள்ளையாக இருந்தன. சளி இல்லை, ரேகை இல்லை. என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அன்றும் அழகாகத்தான் இருந்தது.

"நத்தையை உடைச்சீங்களா?"

"முதல் நாள் உடைச்சேன் டீச்சர்."

"மத்த நாளு?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆடுகளைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது அவருடைய பேச்சுதான்.

"நாலு நம்பர் தானே டீச்சர்" என்றேன்.

அவர் மூக்கு சுருங்கியது. உதடு லேசாகக் கோணி, முகம் கொஞ்சம் பின்னால் போனது. சீழையும் புழுவையும் பித்தத்தையும் பார்த்து ஒரு நாளும் மாறாத முகம் அது. அந்தச் சுளிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ சனிக்கிழமைகள் அவர் பக்கம் நான் காட்டியது. என் கையிலிருந்த நோட்டை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து வாங்கி, ஒயர் கூடைக்குள் போட்டார்.

பிறகு வாஷ்பேசினுக்குப் போனார். குழாயைத் திறந்து, நான் கேட்காமலே சோப்பை எடுத்தார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நிதானமாக நுரை வரத் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவினார். ஒரு தரம் கழுவிவிட்டு இன்னொரு தரமும் கழுவினார். குழாயை மூடிவிட்டு, கையை முந்தானையில் துடைக்காமல் உதறிக்கொண்டே வெளியே போனார்.